மூலையிற் கிடந்த குளிர்ப்பெட்டி

பழுதுற்ற பொருள்களைப் பொறுத்தவரையில் நம்மவர் இல்லங்களிலே இருவகை வழக்கம் உண்டு. சிலர், ஒரு பொருள் இயங்க மறுத்த மறுநாளே பழைய இரும்பு வாங்குபவனைக் கூவி அழைத்து, நிறுத்துக் கொடுத்துவிடுவர். வேறு சிலர் அதனை விற்கவும் மனமொப்பார், திருத்தவும் முற்படார். கோடிப்புறத்திலோ விறாந்தை மூலையிலோ சாத்தி வைத்து, அதன்மேற் பழைய பத்திரிகைகளையும் உடைந்த குடைகளையும் அடுக்கி, ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிடுவர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. பழுது யாது, அதன் காரணம் யாது என்று பொறுமையோடு ஆராய்ந்து, நம்மால் இயன்றதை நாமே செய்து, இயலாததை அறிந்தவரிடம் ஒப்படைப்பதே அவ்வழி. எமது இல்லத்திலே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கும் குளிர்ப்பெட்டி ஒன்றைத் திருத்தப் புகுந்தபோது அவ்வழியிலே நாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் இங்கு கூற விழைகின்றோம். குடும்பத்தவர்க்கும், சிறப்பாக விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும், இவை பயன்படக்கூடும்.

அப்பெட்டி எமது பெரிய தந்தையார் தமது மருந்தகத்துக்கென 1959 ஆம் ஆண்டு கொழும்பிலே வாங்கிப் புகைவண்டியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. இங்கிலாந்திலே செய்யப்பட்டது. வளைந்த தோள்களும் பால்போன்ற வெண்ணிறமும் கொண்டது. கதவை மூடும்போது எழும் கனத்த ஓசை மூன்று அறைகளுக்கு அப்பாலும் கேட்கும். அக்காலத்தில் எமது ஊரிலே குளிர்ப்பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தடுப்பூசி மருந்துகளுக்கு அருகே, அயலாரின் கலியாணத்துக்கு வேண்டிய பாலும் தயிரும் அதிலே இடம்பெறுவதுண்டு. 1990 ஆம் ஆண்டிலே போரின் காரணமாகக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனபோது பெட்டியின் தொழிலும் மாறிற்று. குளிர் தராத பெட்டி நல்லதோர் அலுமாரியாயிற்று. எலியும் கறையானும் புகமுடியாத அதன் வயிற்றிலே காணி உறுதிகளும், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், பிள்ளைகளின் புத்தகங்களும் தங்கின. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இடப்பெயர்விலே உறுதிகளை மட்டும் கையோடு கொண்டுபோனோம். புத்தகங்களைப் பெட்டியிலேயே விட்டோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டு மரச்சாமான்களுள் எஞ்சியவை கறையானுக்கு இரையாகியிருந்தன. பெட்டியினுள் இருந்த புத்தகங்களோ வைத்தபடியே இருந்தன. அன்றுமுதல் அதனை விற்பது பற்றி எமது இல்லத்தில் ஒருவரும் பேசியதில்லை.

ஆயினும் பாசம் ஒன்றே ஒரு பொருளைத் திருத்தப் போதிய காரணமாகாது. எம்மைத் தூண்டியது தேவை. எமது அன்னையார் நீரிழிவு நோயினர். நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். திறவாத இன்சுலின் குப்பிகள் 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் இருத்தல் வேண்டும். உறைந்துவிட்டாலும் பயனில்லை, பங்குனி சித்திரை வெயிலில் நெடுநாள் கிடந்தாலும் வலுக்குன்றிவிடும். 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திரார். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த அக்காலத்திலே, நாம் பாவித்துவந்த புதிய குளிர்ப்பெட்டியின் மின்னியல் தகடு எரிந்துபோயிற்று. மாற்றுத் தகடு கிடைக்கவில்லை. புதிய பெட்டி வாங்குவதோ எமது கைக்கு எட்டாத காரியமாயிருந்தது. அன்னையாரின் மருந்து அயல்வீட்டுக் குளிர்ப்பெட்டியில் விருந்தாளியாயிற்று. அயலார் முகஞ்சுளிக்கவில்லை. ஆயினும் தினமும் மாலையிலே பிறர் படலையைத் தட்டுவது அன்னையாருக்கு மிகுந்த கூச்சத்தைத் தந்தது. அந்நிலையிலேதான் மூலையிற் கிடந்த பெட்டியின்மேல் எமது பார்வை சென்றது.

திருத்தப் புகுமுன், அஃது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெயிற்காலத்திலே மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதை யாவரும் அறிவோம். பானையின் நுண்துளைகளிலே கசியும் நீர் ஆவியாகும்போது, தான் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது. மாணவர்கள் மறைவெப்பம் எனப் படிப்பது இதுவே. குளிர்ப்பெட்டியிலும் நடப்பது இதுதான். நீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் ஆவியாக்கி என்னும் குழாய்களினுள்ளே கொதித்து ஆவியாகி, உள்ளறையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அவ்வாவியை மோட்டரால் இயங்கும் அமுக்கி, அதாவது கொம்பிறசர், உறிஞ்சி நெருக்கும். நெருக்குண்டு சூடான ஆவி, பெட்டியின் பின்புறத்துள்ள ஒடுக்கிக் குழாய்களிலே தன் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்து மீண்டும் திரவமாகும். அத்திரவம் மயிர்போன்ற நுண்குழாய் வழியே அமுக்கம் குறைந்து ஆவியாக்கியை மறுபடி அடையும். மானிலாக் காற்றாடிபோல் இச்சுழற்சி ஓயாது நடைபெறும். இம்முறைக்கு யேக்கப் பேர்க்கின்ஸ் என்பார் இலண்டனிலே 1834 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார்.

நாம் பெட்டியை மூலையிலிருந்து வெளியே எடுத்த செய்தி ஒழுங்கை முழுதும் பரவிற்று. மறுநாட் காலையிலேயே எண்பது வயதைக் கடந்த அயலவர் ஒருவர் வந்தார். பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “தம்பி, உதை ஒரு இரவு தலைகீழாக் கவிட்டு வையும். விடிய எல்லாம் சரியாப் போகும்” என்றார். அவர் விளையாட்டாகக் கூறவில்லை; தாம் கண்டதையே கூறினார். ஆனால் அவர் கண்ட பெட்டி வேறுவகையைச் சார்ந்தது.

மின்சாரம் எட்டாத ஊர்களிலே முன்னாளில் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகள் இருந்தன. சுடர் எரிய எரிய மறுபுறத்திலே பனிக்கட்டி உறையும் அவ்விந்தையைக் கண்டு வியவாதவர் இல்லை. சுவீடன் நாட்டின் ஸ்ரொக்கோம் நகரிலே மாணவராயிருந்த பல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ல் முந்தேர்ஸ் என்னும் இருவர் 1922 ஆம் ஆண்டில் அதனை அமைத்தனர். 1925 ஆம் ஆண்டு முதல் எலெக்ற்றொலக்ஸ் நிறுவனம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. அமோனியா, நீர், ஐதரசன் என்னும் மூன்றும் அதன் குழாய்களுள் அடைபட்டிருக்கும். மோட்டரும் இல்லை, அசையும் உறுப்பும் இல்லை. கீழே எரியும் சுடரின் வெப்பமே நீரிலிருந்து அமோனியாவைப் பிரித்து மேலே அனுப்பி, சுழற்சியை நடத்தும். நெடுங்காலம் பாவித்த பெட்டியிலே திரவங்கள் ஓரிடத்திலே தேங்கி ஓட்டம் தடைப்படுவதுண்டு. அப்போது அதனைத் தலைகீழாக வைத்துப் பின் நிமிர்த்தினால் தேக்கம் நீங்கி மறுபடி இயங்குவதும் உண்டு. பெரியவர் கூறியது இதனையே. எமது பெட்டியோ அமுக்கியால் இயங்குவது. அமுக்கியின் அடியிலே மசகெண்ணெய் இருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்தால் அவ்வெண்ணெய் குழாய்களுட் புகுந்துவிடும். சரித்து ஏற்றி வந்த பெட்டியைக்கூடச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே இயக்குதல் வேண்டும். ஒரு நோய்க்கு அமிர்தமாகும் மருந்து வேறொரு நோய்க்கு நஞ்சாவதுபோல, ஒரு பெட்டிக்கு ஏற்ற வைத்தியம் மற்றொன்றுக்கு ஆகாது. பெரியவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து இவ்வேறுபாட்டை விளக்கினோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, “அப்ப எனக்குத் தெரிஞ்சது நெருப்புப் பெட்டி, உது மின்சாரப் பெட்டி” என்று சுருக்கமாகவே முடித்துவிட்டார்.

எம்மோடு இவ்வேலையில் இணைந்தோர் இருவர். ஒருவர் பல்லாண்டுகள் குளிர்ப்பெட்டி திருத்தி ஓய்வுபெற்ற தொழிலாளர். மற்றவள் எமது தம்பியாரின் மகள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். தொழிலாளர் முதல் நாளிலேயே ஓர் எல்லையை வகுத்துவிட்டார். “வயரைத் திருத்தலாம், றிலேயை மாத்தலாம், றப்பரைப் போடலாம். குழாயிலை மட்டும் கை வையாதையும்” என்றார். அவ்வெல்லையை நாம் இறுதிவரை தாண்டவில்லை.

முதலிற் பார்த்தது மின்வடம். பழைய வடத்தின் றப்பர் உறை வெயிலிற் காய்ந்த சுள்ளிபோல விரல் பட்டவுடன் உதிர்ந்தது. உள்ளே செப்புக் கம்பி வெறுமையாகக் கிடந்தது. அந்நிலையிலே பெட்டியை மின்சாரத்தோடு இணைத்திருந்தால் அதன் இரும்புடல் முழுவதிலும் 230 வோற்று மின் ஏறியிருக்கக்கூடும். ஈரக்கையோடு கதவைத் தொடுபவர் கதி என்னவாகும்? பழைய மின்பொருள் எதுவாயினும், “இயங்குகிறதா பார்ப்போம்” என்று செருகியைச் செருகுதல் கூடாது என்பதே முதலாவது பாடம். பழைய வடத்தை முழுவதும் அகற்றி, மூன்று கம்பிகளைக் கொண்ட புதிய வடம் இட்டோம். மூன்றாவது கம்பியைப் பெட்டியின் உடலிலே கறள் சுரண்டி இறுக்கிப் புவித்தொடுப்புச் செய்தோம். உள்ளறை விளக்கின் கம்பிகளும் அவ்வாறே மாற்றப்பட்டன.

அடுத்து, அமுக்கியின் அருகே பொறித்திருந்த தகட்டைத் துடைத்து வாசித்தோம். வோற்றளவு, மின்னோட்டம், நிரப்பியுள்ள குளிர்வாயுவின் பெயர், அதன் நிறை ஆகியவை அதிலே இருந்தன. பழைய பெட்டியைத் திருத்துவோர் இத்தகட்டை ஒரு சாதகம்போல் வாசித்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட பெட்டிகள் சிலவற்றிலே கந்தகவீரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நிரப்பப்பட்டிருந்தது. அத்தகைய பெட்டியை வீட்டிலே தொடாதிருப்பதே நன்று. எமது பெட்டியின் தகட்டிலே பன்னிரண்டாம் இலக்க வாயுவின் பெயர் இருந்தது. அதுபற்றிப் பின்னர் கூறுவோம்.

மோட்டர் உயிரோடிருக்கிறதா என்று அறிவது மூன்றாவது படி. அமுக்கியின் வெளியே மூன்று முனைகள் உள்ளன. உள்ளே இரு கம்பிச் சுருள்கள்: ஒன்று மோட்டரைத் தொடக்கிவிடுவது, மற்றது தொடர்ந்து ஓட்டுவது. இரண்டுக்கும் பொதுவானது ஒரு முனை. எமது பெறாமகள் பல்மானியைப் பிடித்து அளந்தாள். பொதுமுனைக்கும் ஓட்டச் சுருளுக்கும் இடையே 11 ஓம். பொதுமுனைக்கும் தொடக்கச் சுருளுக்கும் இடையே 23 ஓம். எஞ்சிய இரு முனைகளுக்கும் இடையே 34 ஓம். “பதினொன்றும் இருபத்து மூன்றும் முப்பத்து நான்கு! தொடர்நிலைத் தடைகள்!” என்று அவள் துள்ளிக் குதித்தாள். கரும்பலகையிலே எத்தனையோ முறை கூட்டிய கணக்கு, அறுபது ஆண்டு பழைய இரும்பொன்றின் உள்ளிருந்து விடையாக வந்தபோது அவளுக்கு உண்டான களிப்பை நாம் என்றும் மறவோம். முனைகளுக்கும் அமுக்கியின் உடலுக்கும் இடையே மின்தொடர்பு சற்றும் இல்லை என்பதையும் அவளே சோதித்தாள். சுருள் அறவில்லை, மின் கசியவுமில்லை. மோட்டர் நலமாகவே இருந்தது.

பழுது வேறிடத்தில் இருந்தது. அமுக்கியின் பக்கத்திலே தீப்பெட்டியளவான கறுத்த பெட்டியொன்று இருந்தது. றிலே எனப்படும் அச்சிறு பொருளே மோட்டரின் காவற்காரன். மோட்டர் தொடங்கும் கணத்திலே மிகுந்த மின்னோட்டம் பாயும். அவ்வோட்டம் றிலேயின் சுருளைக் காந்தமாக்கி, அதனுள்ளிருக்கும் சிறு இரும்புத் தண்டை மேலே தூக்கும். தண்டு எழும்போது தொடக்கச் சுருளுக்கு மின் கிடைக்கும். மோட்டர் வேகங்கொண்டதும் மின்னோட்டம் குறையும்; தண்டு தன் பாரத்தாலேயே கீழே விழும்; தொடக்கச் சுருள் ஓய்வுபெறும். இவையெல்லாம் ஓரிரு விநாடிகளுள் முடிந்துவிடும். தண்டு விழுவதற்குப் புவியீர்ப்பே துணையாதலின், இவ்வகை றிலேயை நேர்நிறுத்தியே பொருத்துதல் வேண்டும். எமது றிலேயின் தொடுமுனைகள் எரிந்து கரியாகியிருந்தன. மோட்டரின் அளவுக்கு ஒத்த றிலேயைத் தேடித் தொழிலாளர் மூன்று வாரம் அலைந்தார். கிட்டிய அளவுள்ளது எனச் சொல்லி விற்க முயன்றோரிடம் அவர் வாங்கவில்லை. அளவு மாறினால் தொடக்கச் சுருள் ஓய்வின்றி எரிந்துபோகும் என்பது அவர் கூற்று. ஈற்றிலே தமது நண்பர் ஒருவரின் பழைய பட்டறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

றிலேயைப் பொருத்தி மின்னை இணைத்தபோது மெல்லிய உறுமல் ஒன்று எழுந்தது. கால் மணி நேரத்திலே பின்புறத்து ஒடுக்கிக் குழாய்கள் இளஞ்சூடு கொண்டன. ஒரு மணி நேரத்துள் உள்ளே பனிப்படலம் வெண்மையாகப் பூத்தது. அத்தனை ஆண்டுகள் கழிந்தும் வாயு ஒழுகிவிடவில்லை. பற்றாசு வைத்து முற்றாக அடைத்த குழாய்த் தொகுதியின் சிறப்பு அது. அன்னையார் கதவைத் திறந்து, உட்சுவரிலே உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

பனி பூத்ததோடு வேலை முடியவில்லை. கதவோரத்து றப்பர்ப் பட்டி இறுகிச் சருகாகியிருந்தது. கதவிடுக்கிலே ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. இழுக்கும்போது கடதாசி தடைப்படின் பட்டி நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்வழியே குளிர் வெளியேறுகிறது என்பது பொருள். எமது பெட்டியிலே நான்கு பக்கமும் கடதாசி தாராளமாகவே வந்தது. புதிய பட்டியை அளந்து வாங்கி, வெந்நீரில் இட்டு இளக்கி, கதவின் உட்தகட்டுக்கு அடியிலே திருகாணிகளால் இறுக்கினோம். அடிப்புறத்துக் கறளை ஈரப்படுத்தியே தேய்த்தோம். அக்காலப் பூச்சுக்களிலே ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலின், தூசி பறக்கவிடாது, மூக்கையும் வாயையும் மூடி, பிள்ளைகளைத் தூர நிறுத்திச் செய்தோம். ஆவியாக்கியின் பனியைக் கத்தியாற் சுரண்டுவது பலர் வழக்கம். அதனைச் செய்யலாகாது. ஒரு குத்திலே குழாய் துளைபட்டால் பெட்டி அன்றோடு முடிந்தது. மின்னை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் பனி தானே கரைந்துவிடும்.

இனி, இம்முயற்சியிலே எமக்கு மிகுந்த மனப்போராட்டத்தைத் தந்த விடயத்துக்கு வருகின்றோம். அது கதவின் பூட்டு.

அக்காலப் பெட்டிகளின் கதவிலே, கைப்பிடியை இழுத்தாலன்றித் திறவாத நாக்குப் பூட்டு உண்டு. கதவு மூடியதும் நாக்குப் போய் உள்ளே கவ்விக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்க இலகு. உள்ளிருந்து திறக்க வழியே இல்லை. ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் கைவிடப்பட்ட பெட்டியினுள் நுழைந்து கதவை மூடிக்கொண்டால், காற்றுப் புகாத அவ்வறையிலே ஒட்சிசன் குறைந்து உயிர் போய்விடும். தடித்த சுவர் அவர்கள் கூக்குரலையும் வெளியே விடாது. ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வாறு பல பிள்ளைகள் மாண்டதன் பின்னரே 1956 ஆம் ஆண்டில் குளிர்ப்பெட்டிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதிக்குப் பின் அங்கு செய்யப்படும் பெட்டிகளின் கதவு, பூட்டுப் பக்க ஓரத்திலே உள்ளிருந்து 15 இறாத்தல் விசையோடு தள்ளினால் திறந்துவிடுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் காந்தப் பட்டியாலே மூடும் கதவுகள் வழக்கிலிருப்பதற்கு இத்துயரும் ஒரு காரணமாகும்.

எமது இல்லத்திலே நான்கு வயதுப் பேரன் ஒருவன் உளன். மேசைக்கு அடியிலும் நெற்பெட்டிக்குப் பின்னும் ஒளிவதே அவனது முழுநேரத் தொழில். ஆதலின் பூட்டை அகற்றியே தீரவேண்டும் என்றோம். அன்னையார் உடன்படவில்லை. மூடும்போது எழும் அவ்வோசை அவருக்கு வெறும் ஓசையன்று. மாலையிலே மருந்தகத்தை மூடிப் பெரிய தந்தையார் எழும் நேரத்தின் அடையாளம். “அவர் கைபட்ட பூட்டு. அதையும் கழட்டிப்போட்டால் பிறகு என்ன மிச்சம்?” என்று கேட்டார். பூட்டுக்கு மேலே சங்கிலி போடலாம் என்றும், பெட்டி இருக்கும் அறையைச் சாத்தி வைக்கலாம் என்றும் சொன்னார். இரண்டு நாள் இதுபற்றி வீட்டிலே பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் பேரனைக் காணவில்லை என்று வீடு முழுதும் தேடினோம். அவன் துணி அலுமாரியின் அடித்தட்டிலே சுகமாக உறங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்ட அன்னையார், எம்மை நோக்கி, “அந்தப் பூட்டைக் கழட்டிவிடும்” என்றார். அதன்பின் வாதம் இல்லை.

பளபளப்பான கைப்பிடியை அதன் இடத்திலேயே விட்டு, உள்ளே கவ்வும் நாக்கையும் அதன் எதிர்க் கொளுவியையும் அகற்றினோம். கதவை மூடிவைக்க இரு சிறு காந்தங்களைப் பொருத்தினோம். பின்னர், ஆளை உள்ளே விட்டுச் சோதிக்கும் விபரீதத்துக்கு இடங்கொடாது, கதவோரத்திலே விற்றராசைக் கொளுவி வெளிப்புறமாக இழுத்து அளந்தோம். 8 இறாத்தலிலேயே கதவு திறந்தது. ஓசை போயிற்று, கைப்பிடி இருக்கிறது. அகற்றிய நாக்கை அன்னையார் துடைத்து, பெரிய தந்தையாரின் மூக்குக் கண்ணாடி இருக்கும் தகரப் பேழையிலே வைத்துக்கொண்டார்.

குழாயிலே கை வைக்கலாகாது எனத் தொழிலாளர் விதித்த எல்லைக்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, குழாயை வெட்டி ஒட்டுவதற்குப் பற்றாசுக் கருவியும், உட்காற்றை உறிஞ்சும் பம்பியும், அமுக்கமானியும், பயிற்சியும் வேண்டும். அவை வீட்டு வேலைக்கு உரியனவல்ல. இரண்டாவது காரணம் வானளாவியது. பன்னிரண்டாம் இலக்க வாயு, காபன், குளோரீன், புளோரீன் என்பவற்றாலானது. தோமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் தோழரும் 1930 ஆம் ஆண்டளவில் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தபோது உலகம் மகிழ்ந்தது. அது தீப்பற்றாது, நஞ்சன்று, மணமில்லை. அமோனியாவுக்கும் கந்தகவீரொட்சைட்டுக்கும் அஞ்சியவர்க்கு அது வரப்பிரசாதமாயிற்று. ஆனால் வெளியேறிய வாயு அழியாது மேல் வளிமண்டலத்தை அடைந்து, அங்கே குளோரீனை விடுவித்து, ஞாயிற்றின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். 1985 ஆம் ஆண்டில் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 1987 ஆம் ஆண்டு செப்தெம்பர் 16 ஆம் திகதி மொன்றியல் நகரிலே உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. பின்னர் உலக நாடுகள் யாவும் அதனை ஏற்றன. மொலினாவுக்கும் றோலண்டுக்கும், அவர்களோடு குறூட்சனுக்கும் 1995 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. வளர்முக நாடுகளும் 2010 ஆம் ஆண்டோடு இவ்வாயுவின் உற்பத்தியைக் கைவிட்டன.

எனவே, பழைய பெட்டியின் குழாயை வெட்டி வாயுவைக் காற்றிலே விட்டுவிடுவது, கிணற்றிலே நஞ்சிடுவதை ஒக்கும். எமது பெட்டியிலே அவ்வாயு குழாயினுள் அடங்கியிருக்கும் வரையில் எவர்க்கும் தீங்கில்லை. என்றேனும் அது ஓய்ந்துபோனால், வாயுவைச் சேகரிக்கும் கருவியுள்ள தொழிலாளர் ஒருவரை அழைத்து அதனை எடுப்பித்த பின்னரே பெட்டியை அகற்றுவதென இல்லத்தார் யாவரும் கூடித் தீர்மானித்து, அதனை ஒரு சீட்டிலே எழுதி, பெட்டியின் பின்புறத்திலே ஒட்டியும் வைத்துள்ளோம். எமக்குப் பின் இதனைக் கையாளுவோர் அறியவேண்டுமன்றோ?

செலவுக் கணக்கையும் மறைக்காமற் கூறுதல் முறை. மின் அளக்கும் சிறு மானியை இணைத்துப் பார்த்தோம். பழைய பட்டியோடு நாளொன்றுக்கு 2.1 அலகு சென்றது. புதிய பட்டியிட்டு, ஒடுக்கியின் தூசியை அகற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளி வைத்தபின் 1.4 அலகாகக் குறைந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 42 அலகு. இதே கொள்ளளவுள்ள புதிய பெட்டி இதனினும் குறைவாகவே மின்சாரத்தை உண்ணும். ஆகையால், பணமொன்றையே கருதுவோர்க்குப் பழைய பெட்டியைத் திருத்திப் பாவிப்பதே இலாபம் என்று நாம் சொல்லமாட்டோம். அவரவர் தேவையையும், கையிருப்பையும், பெட்டியின் நிலையையும் சீர்தூக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்று நாள் ஒரு குவளைத் தண்ணீரிலே வெப்பமானியை இட்டுத் தட்டுத் தட்டாகச் சோதித்தோம். பனியறைக்கு நேர் கீழே 1 பாகை; நடுத்தட்டிலே 4 முதல் 5 பாகை; கதவின் மேற்தட்டிலே 9 பாகை. மருந்துக்குரிய இடம் நடுத்தட்டு எனத் தெரிந்தது. ஒரே பெட்டியினுள்ளும் இத்தனை வேற்றுமை உண்டு என்பதை மருந்து வைப்போர் கருத்திற் கொள்ளுதல் நலம். பனியறையை நீர்ப் போத்தல்களால் நிரப்பினோம். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆதலின் மின்வெட்டு நேரத்திலும் அப்போத்தல்கள் குளிரைக் காக்கும். நான்காம் நாள் மாலை அன்னையார் தாமே அயல்வீட்டுக்குச் சென்று, தமது குப்பிகளை வாங்கிக்கொண்டு, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். நடையிலே முன்பிருந்த கூச்சம் இல்லை.

வாசகர் இல்லங்கள் சிலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் மூலையிலே கிடக்கக்கூடும். திருத்துவதா, விடுவதா என்பதை ஆறுதலாகச் சிந்தியுங்கள். அதற்கு அவசரமில்லை. ஆனால் அப்பெட்டியிலே நாக்குப் பூட்டு இருப்பின், அதனை மட்டும் நாளைக்கென ஒத்திவையாதீர்கள். பூட்டைக் கழற்றுங்கள், அல்லது கதவையே பிணைச்சலோடு கழற்றிச் சுவரிலே சாத்திவிடுங்கள். ஒரு திருகாணி முடுக்கியும் அரைமணி நேரமும் போதும். பிள்ளைகள் உலாவும் முற்றத்துக்கு அதனினும் பெரிய காவல் வேறில்லை.